பற்றரி வாங்குமுன் வயரைப் பாருங்கள்: ஸ்ரார்ட் வராத பழைய உழவு இயந்திரங்களுக்கு ஒரு கைநூல்

புரட்டாதி கழிந்து முதல் மழை விழுந்ததும் விசுவமடுவில் எல்லோருக்கும் ஒரே கிழமையில் உழவு வேண்டும். மானாவாரியில் காலபோகம் விதைப்பவருக்குக் கிடைக்கும் நாட்கள் கொஞ்சம். மழை இறுகிவிட்டால் வயலுக்குள் மெசின் இறங்காது. மாதக்கணக்கில் கொட்டிலுக்குள் நின்ற உழவு இயந்திரத்தை அன்றைக்குத்தான் பலர் திறப்புப் போட்டுத் திருப்புகிறார்கள். 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி.

அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். "பற்றரி செத்துப்போச்சு" என்று யாராவது சொல்வார்கள். காப்பு அடகுக்குப் போகும், புதுப் பற்றரி வரும். என் மாமா வீட்டில் இது இரண்டு போகத்தில் இரண்டு தடவை நடந்தது. மூன்றாவது தடவை வந்த வயதான மெக்கானிக் பற்றரியைத் தொடவே இல்லை. பற்றரிப் பெட்டிக்குக் கீழே, ஏர்த் வயரைப் பொடியோடு பூட்டியிருந்த நட்டைக் கழற்றினார். அடியில் இருந்த துருவையும் பழைய பெயின்றையும் சாண்ட் பேப்பரால் தேய்த்து, திரும்ப இறுக்கினார். மெசின் ஸ்ரார்ட் வந்தது. மாற்றி எறிந்த இரண்டு பற்றரிகளில் ஒன்றாவது நல்லதாக இருந்திருக்கும் என்று மாமி இப்போதும் சொல்லுவா.

காசு செலவழிக்குமுன் வீட்டில் வைத்தே எதை, எந்த ஒழுங்கில் பார்க்கலாம் என்பதை எழுதி வைக்கவேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

வயர்களுக்குள் இருக்கும் கதை

வன்னியில் இன்னும் ஓடும் பழைய நான்கு சக்கர மெசின்களில் மசி பெர்கசன் 35, 135, 240 ஆகியவை அடிக்கடி கண்ணில் படுபவை. இங்கிலாந்தின் கொவென்றியில் 135 தயாரிப்பு 1964 இல் தொடங்கி 70களின் நடுப்பகுதி வரை நடந்தது. அதாவது வயதில் குறைந்த 135 கூட ஐம்பது வயதை எட்டிவிட்டது. ஆரம்பகால 35 இல் இருந்த நான்கு சிலிண்டர் 'ஸ்ராண்டர்ட்' டீசல் எஞ்சின் புதிதாக இருந்தபோதே ஸ்ரார்ட் வரப் பஞ்சிப்படும் எஞ்சின் என்று பெயர் எடுத்தது. பிறகு வந்த மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ்தான் அந்த மெசினுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. போருக்குப் பின் வடக்கின் கமநல, கூட்டுறவு அமைப்புகளுக்கு இந்திய அரசு வழங்கிய 500 உழவு இயந்திரங்களும் இப்போது பழசு ஆகிவிட்டன. சிறிய குபோட்டா, இசெக்கி வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

இவற்றின் வயரிங்கைத் திறந்து பார்த்தால் எங்கள் காலம் தெரியும். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் டீசலும் பற்றரியும் உதிரிப்பாகமும் வன்னிக்குள் வருவது அரிதானது. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடிய, சைக்கிள் டைனமோவில் ரேடியோ பாடிய நாட்கள் அவை. 2002 இல் ஏ9 திறந்து கொஞ்சம் மூச்சு விட்டோம். 2006 ஓகஸ்டில் அது திரும்பவும் மூடியது. 2009 தொடக்கத்தில் ஏ35 வீதியால், விசுவமடு தாண்டிப் புதுக்குடியிருப்புப் பக்கம் சனம் போனபோது வீடே பெட்டிக்குள் ஏறியிருந்தது. அன்றைக்கு மெசின் ஸ்ரார்ட் வராத குடும்பம் என்ன செய்திருக்கும் என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அதனால் எப்படியாவது ஓட வைத்தார்கள். எரிந்த பியூஸ் இருந்த இடத்தில் செப்புக் கம்பி. உடைந்த திறப்புச் சுவிச்சுக்குப் பதில் வீட்டுக்குப் போடும் சுவிச். கியர் பாதுகாப்புச் சுவிச் பழுதா, இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிடு. ஏர்த்துக்கு வீட்டு வயரிங்கில் மிஞ்சிய கம்பி. அன்றைக்கு மெசினைக் காப்பாற்றிய இந்த வேலைகளில் பல இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. ஸ்ரார்ட் வராததற்கு அவைதான் அநேகமாகக் காரணம். 2009 இற்குப் பிறகு இரண்டு மூன்று உடைந்த மெசின்களில் கழற்றிச் சேர்த்துக் கட்டியவற்றில் நிலைமை இன்னும் குழப்பம்.

எனவே வன்னி மெசினில் வயரின் நிறத்தை நம்பவேண்டாம். தொழிற்சாலை வயர் மிஞ்சியிருக்கும் பிரித்தானிய மெசினில் மண்ணிறம் பற்றரியில் இருந்து நேரே வரும் மின், வெள்ளை திறப்புச் சுவிச்சைத் திறந்ததும் வரும் மின், வெள்ளையில் சிவப்புக் கோடு ஸ்ரார்ட்டருக்குப் போவது, கறுப்பு ஏர்த். பிறகு கட்டிய வயரில் கறுப்பு எதுவாகவும் இருக்கலாம். ஒருநாள் மினக்கெட்டு எந்த வயர் எங்கே போகிறது என்று கொப்பியில் கீறி வைத்தால், அடுத்த முறை மெக்கானிக்கின் அரை நாள் கூலி மிச்சம்.

முதலில் காது, பிறகு லைற்

எதையும் கழற்றுமுன் கியரை நியூற்றலில் போட்டு, பிரேக்கைப் பூட்டி, சில்லுக்குக் கல்லு வையுங்கள். ஆசனத்தில் இருந்துகொண்டே முன் லைற்றைப் போட்டு, திறப்பைத் திருப்புங்கள். இன்னொருவர் முன்னால் இல்லாமல் பக்கத்தில், சில்லுகளுக்கு எட்ட நின்று லைற்றைப் பார்க்கட்டும்.

லைற் முழுதாக அணைந்து 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால் ஏதோ ஒரு இணைப்பு விட்டுப்போயிருக்கிறது, அல்லது பற்றரி வெறுமை. 'கட கட கட' என்று தொடர்ந்து அடித்தாலும் இதே இரண்டில் ஒன்றுதான். லைற் மங்கி எஞ்சின் சோம்பலாகச் சுற்றினால் மின் பாதி வழியில் வீணாகிறது, அல்லது ஸ்ரார்ட்டர் உள்ளே தேய்ந்துவிட்டது. லைற் குறையாமல் பளிச்சென்று நிற்க, ஒரு சத்தமும் வராவிட்டால் ஸ்ரார்ட்டருக்குச் செய்தியே போகவில்லை. திறப்புச் சுவிச், பாதுகாப்புச் சுவிச், சொலெனொயிட் பக்கம் பாருங்கள். ஸ்ரார்ட்டர் 'விர்' என்று தான் மட்டும் சுற்றினால் அதன் பற்சில்லு எஞ்சினின் பெரிய சில்லைப் பிடிக்கவில்லை. அது கழற்றிப் பார்க்கும் வேலை.

எதுவானாலும் ஸ்ரார்ட்டரை 10 விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்கவேண்டாம். ஒரு நிமிடமாவது ஆறவிட்டு அடுத்த முறை. அவசரத்தில் அடித்து எரித்த ஸ்ரார்ட்டரைத் திரும்பக் கம்பி சுற்றக் கொடுக்கும் செலவு பற்றரிச் செலவுக்கு அவ்வளவு குறைந்தது அல்ல.

பற்றரி உண்மையிலேயே செத்ததா?

மலிவான மல்ரிமீற்றர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். இரவு முழுக்க ஓய்ந்து நின்ற 12 வோல்ற் பற்றரியில் 12.6 காட்டினால் அது நிறைந்திருக்கிறது. 12.2 பாதி. 12 இற்குக் கீழே வெறுமை. ஆனால் நிற்கும்போது காட்டும் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. மீற்றரைப் பற்றரியின் இரண்டு ஈயத் தலைகளிலும் வைத்துக்கொண்டு ஸ்ரார்ட் அடியுங்கள். 9.5 இற்குக் கீழே விழுந்தால் பற்றரியில் சந்தேகம். 11 இல் நின்றுகொண்டே ஸ்ரார்ட்டர் சுற்றவில்லை என்றால் பற்றரி தன் வேலையைச் செய்கிறது, பழுது வெளியே.

மூடி திறக்கக்கூடிய பற்றரி என்றால் அசிற் பார்க்கும் கண்ணாடிக் குழாய் மீற்றரை விட உண்மை சொல்லும். ஆறு அறைகளில் ஐந்து 1.250 காட்ட, ஒன்று மட்டும் 1.150 இல் நின்றால் அந்த அறை போய்விட்டது. அதற்கு வைத்தியம் இல்லை. ஆறும் ஒரேயளவாகக் குறைந்திருந்தால் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். தட்டு மூடும் அளவுக்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டும் விடவேண்டும். கிணற்று நீர் வேண்டாம். அசிற்றும் விடவேண்டாம்.

சார்ஜ் ஏறும் பற்றரியில் இருந்து வரும் ஐதரசன் வாயு ஒரு பொறியில் வெடிக்கும். பீடி, சிகரெட் பக்கத்தில் கூடாது. இன்னொரு மெசினில் இருந்து வயர் கொடுத்து ஸ்ரார்ட் அடிக்கும்போது, கடைசி வயரைச் செத்த பற்றரியில் பூட்டாமல் தூரத்தில் எஞ்சின் பொடியில் பூட்டச் சொல்வது இதனால்தான். இன்னொன்று: 1960களின் நடுப்பகுதிக்கு முன் வந்த பிரித்தானிய மெசின்கள் பலவற்றில் பொடிக்குப் போவது பிளஸ். பின்னையவற்றில் மைனஸ். பார்க்காமல் மாறிப் பூட்டினால் அல்ரனேற்றர் ஒரு நொடியில் போய்விடும்.

இணைப்புகள்

ஸ்ரார்ட்டர் ஒன்று தான் சில நூறு அம்பியர் இழுக்கும். அந்த அளவு மின் போகும் வழியில் ஒரு துருப்பிடித்த நட் போதும், எல்லாம் நின்றுவிட. ஹோர்ன் அடிக்கிறது, லைற் எரிகிறது, ஆகவே வயர் சரி என்று நினைப்பதுதான் எல்லோரும் விடும் பிழை. லைற்றுக்குத் தேவை சில அம்பியர் மட்டுமே. அது துருவுக்குள்ளாலும் போய்விடும்.

மீற்றர் இல்லாதவர் செய்யக்கூடியது: ஐந்தாறு விநாடி ஸ்ரார்ட் அடித்து, உடனே திறப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இணைப்பு ஒவ்வொன்றையும் மெதுவாகக் கையால் தொட்டுப் பாருங்கள். எந்த இணைப்புச் சூடாக இருக்கிறதோ பழுது அங்கே. பற்றரித் தலைகள், ஏர்த் பொடியில் பூட்டும் இடம், சொலெனொயிட்டின் இரண்டு பெரிய போல்ட்டுகள், ஸ்ரார்ட்டர் தலை என்று ஐந்தாறு இடங்கள்தான்.

மீற்றர் இருந்தால் ஒரு கம்பியைப் பற்றரியின் மைனஸ் தலையிலும் மற்றதை ஸ்ரார்ட்டரின் உடம்பிலும் வைத்து, உதவியாளர் ஆசனத்தில் இருந்து ஸ்ரார்ட் அடிக்க, எண்ணைப் பாருங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் வழியில் தடை. பிறகு பற்றரியின் பிளஸ் தலைக்கும் ஸ்ரார்ட்டரின் பெரிய போல்ட்டுக்கும் இடையில் அதேபோல. என் மாமாவின் மெசினில் இரண்டு போகமும் யாராவது இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் காப்பு வீட்டில் இருந்திருக்கும்.

பற்றரித் தலையில் பூத்த வெள்ளை, பச்சைப் பொடியை அப்பச்சோடா கரைத்த சுடுநீரால் கழுவலாம், பற்றரிக்குள் போகவிடாதீர்கள். காய்ந்ததும் ஈயம் பளபளக்கும்வரை சுரண்டி, இறுக்கி, அதன் பிறகே வசலின் அல்லது கிறீஸ். முதலில் கிறீஸ் பூசிவிட்டு இறுக்குபவர்களும் இருக்கிறார்கள். கழற்றும்போது ஏர்த் வயர் முதலில், பூட்டும்போது ஏர்த் கடைசியில். ஏர்த் வயர் பெருவிரல் தடிப்பில் இருக்கவேண்டும். வீட்டு வயர் கம்பிகளை முறுக்கிப் போட்டிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். இந்தப் பக்கத்தில் செலவழிக்கக்கூடிய மிகப் பயனுள்ள காசு அதுதான்.

சத்தமே இல்லாவிட்டால்

மசி 135 இல் கூடிய வேகம், குறைந்த வேகம் மாற்றும் சின்னக் கியர்த்தடி நியூற்றலில் இல்லாவிட்டால் ஸ்ரார்ட் அடிக்காது. பெரிய தடியை மட்டும் பார்த்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுபவர்கள் உண்டு. சில மெசின்களில் கிளச்சை முழுதாக மிதிக்கவேண்டும். இதற்கென்றே ஒரு பாதுகாப்புச் சுவிச் வைத்திருக்கிறார்கள். அது சேற்றிலும் எண்ணெயிலும் இருந்து பழுதாவது சாதாரணம். விலையும் பெரிதல்ல.

ஆனால் எங்கள் வழக்கம் வேறு. கீழே நின்று, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவில் குனிந்து, ஸ்ரார்ட்டரின் இரண்டு போல்ட்டுகளை ஸ்பனரால் தொட்டுப் பொறி பறக்க ஸ்ரார்ட் எடுப்பது. இதில் திறப்பும் பாதுகாப்புச் சுவிச்சும் எதுவும் வேலை செய்யாது. கியர் விழுந்திருந்தால் டீசல் எஞ்சின் பிடித்த அதே நொடியில் மெசின் நகரும். பின் சில்லு வந்து சேரும் இடத்தில்தான் அந்த ஆள் நிற்கிறார். விலக நேரம் கிடைக்காது. உலகெங்கும் கமக்காரர் சாகும் வழிகளில் இது ஒன்று. ஆசனத்தில் இருந்து மட்டும் ஸ்ரார்ட் எடு என்று ஸ்ரார்ட்டருக்குப் பக்கத்திலேயே எச்சரிக்கை ஒட்டி அனுப்புகிறார்கள் தயாரிப்பாளர்கள். எங்கள் பழைய மெசின்களில் அந்த ஒட்டி எப்போதோ உரிந்துவிட்டது. செல்லடிக்குள் அப்படி ஸ்ரார்ட் எடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அவர்களைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் இப்போது அதையே இயல்பான முறை என்று செய்கிறார்கள்.

சுவிச் பழுதா என்று அறிய இந்த ஆபத்துத் தேவையில்லை. ஒரு 12 வோல்ற் பல்ப்பில் இரண்டு வயர் பூட்டி, ஒன்றை ஏர்த்தில் வையுங்கள். மற்றதை சொலெனொயிட்டின் சின்ன வயரில் வைத்து இறுக்கிவிட்டு விலகி நில்லுங்கள். ஆசனத்தில் இருப்பவர் திறப்பைத் திருப்பட்டும். பல்ப் எரிந்தும் சொலெனொயிட் சத்தம் போடாவிட்டால் சொலெனொயிட் பழுது. எரியாவிட்டால் அதே பல்ப்பைப் பாதுகாப்புச் சுவிச்சுக்கும், பிறகு திறப்புச் சுவிச்சுக்கும் பின்னோக்கிக் கொண்டுபோங்கள். எங்கே எரியத் தொடங்குகிறதோ, அதற்கு அடுத்ததில் பழுது.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

டீசல் எஞ்சினுக்குப் பிடிக்க மின் தேவையில்லை. வேகமாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் பற்றரியை விட்டுவிட்டு டீசல் பக்கம் வாருங்கள். நிறுத்தும்போது இழுத்த கம்பி திரும்ப உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா? சிரிக்கவேண்டாம், அனுபவசாலிகளுக்கும் இது நடக்கும். திறப்பால் நிற்கும் வகை என்றால் திறப்பைத் திறந்ததும் பம்ப் பக்கத்தில் மெல்லிய 'டிக்' கேட்கவேண்டும். கேட்காவிட்டால் அந்த வயரைப் பாருங்கள். இது ஒன்று மட்டும் மின் பழுது.

புகையே வராவிட்டால் டீசல் போகவில்லை. தாங்கி வெறுமையாகி ஓய்ந்த பிறகும், பில்ற்றர் மாற்றிய பிறகும் குழாய்க்குள் காற்று நிற்கும். மசி 135 இல் கைப்பம்பை அடித்தபடி முதலில் பில்ற்றர் தலையின் ஸ்குரூ, பிறகு பெரிய பம்பில் உள்ள இரண்டு ஸ்குரூ, நுரை இல்லாமல் டீசல் வரும்வரை தளர்த்தி இறுக்கவேண்டும். கடைசியாக இன்ஜெக்ரர் குழாய் நட்டுகளில் இரண்டைத் தளர்த்திவிட்டு, விலகி நின்று, ஆசனத்தில் இருப்பவர் ஸ்ரார்ட் அடிக்க, டீசல் துள்ளியதும் நிறுத்தி இறுக்குங்கள். துள்ளும் டீசலில் கை வைக்கக்கூடாது. அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

இன்னொரு நோய் உண்டு: காலையில் ஒரு அடியில் பிடிக்கும். மத்தியானம் சூடாக நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு வந்தால் என்ன செய்தாலும் பிடிக்காது. மாலை ஆறியதும் சொல் கேட்கும். பலர் இதற்கும் பற்றரியையும் ஸ்ரார்ட்டரையும் மாற்றிப் பார்க்கிறார்கள். இது பெரும்பாலும் சிஏவி பம்ப் உள்ளே தேய்ந்ததன் அடையாளம். சூட்டில் டீசல் நீர்த்து, தேய்ந்த இடைவெளிகளால் கசிந்து, தேவையான அழுத்தம் எழுவதில்லை. ஈரச் சாக்கு ஒன்றைப் பம்பின் மேல் போட்டுக் கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் பிடித்தால் சந்தேகம் உறுதி. இந்தப் பம்புக்கு டீசலே மசகு எண்ணெய். மண்ணெண்ணெய் கலந்து ஓடினால் மசகு குறைந்து பம்ப் தேயும். தடைக் காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. பின்னரும், 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஏறும்வரை, மலிவு என்று கலந்தவர்கள் இருந்தார்கள்.

வன்னி வெயிலில் பேர்க்கின்ஸ் எஞ்சினுக்குச் சூடாக்கி தேவைப்படாது. சிறிய குபோட்டா, இசெக்கி வேறு ரகம். காலையில் 5 முதல் 10 விநாடி குளோ பிளக் சூடாகவேண்டும். சோதிக்க, பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றி, பற்றரி பிளஸ்ஸில் இருந்து அதே பல்ப்பின் வழியாக ஒவ்வொரு பிளக் தலையையும் தொடுங்கள். பல்ப் எரியாத பிளக் செத்தது. இந்த எஞ்சின்களுக்குள் ஸ்ரார்ட் ஸ்பிரே அடிக்கவேண்டாம். சூடான பிளக்கில் அது வெடித்துப் பிஸ்டன் றிங்கை உடைக்கும்.

ஓடும்போது ஏறுகிறதா

ஒவ்வொரு நாளும் பற்றரி இறங்கினால் எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டுப் பற்றரியில் மீற்றரை வையுங்கள். 13.8 இற்கும் 14.5 இற்கும் இடையில் இருந்தால் நல்லது. 12.5 இலேயே நின்றால் பெல்ட்டைப் பெருவிரலால் அமத்திப் பாருங்கள்; ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு மேல் பதியக்கூடாது. அல்ரனேற்றர் உள்ள மெசினில் தட்டில் எரியும் சிவப்பு எச்சரிக்கைப் பல்ப் வெறும் அலங்காரம் அல்ல. அதன் வழியாகத்தான் அல்ரனேற்றருக்கு முதல் மின் போகிறது. பல்ப் எரிந்துபோனால் சில அல்ரனேற்றர்கள் சார்ஜ் ஏற்றவே மாட்டாது. ஒரு சின்ன 2.2 வாட் பல்ப்பைப் போடாமல் அல்ரனேற்றரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றி, நிற்கிறதா என்று பார்ப்பது டைனமோ காலத்துப் பழக்கம். அல்ரனேற்றரில் அது உள்ளிருக்கும் டயோட்டை எரித்துவிடும். டீசல் எஞ்சின் எப்படியும் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் அந்தச் சோதனை ஒன்றையும் சொல்லப்போவதும் இல்லை. பெட்டிக்கோ மட்காட்டுக்கோ வெல்டிங் அடிக்குமுன்னும் பற்றரி வயரையும் அல்ரனேற்றர் வயரையும் கழற்றிவிடுங்கள்.

போகம் முடிந்து நிறுத்தும்போது ஏர்த் வயரைக் கழற்றி வைத்தாலே பற்றரி பல மாதம் தாங்கும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரை மணிநேரம் ஓடவிடலாம். வீட்டில் சிறிய சோலர் தகடு இருப்பவர்கள் கட்டுப்படுத்தியோடு சேர்த்துப் பூட்டி வைக்கலாம். நெல் மூடை அடுக்கிய கொட்டிலுக்குள் நிறுத்தினால் எலி வயரைத் தின்னும், அதையும் பாருங்கள். ஆவணி கடைசியில், மழைக்கு ஒரு மாதம் முன்னதாக, ஏர்த்தைப் பூட்டி ஒருதரம் ஸ்ரார்ட் அடித்துப் பாருங்கள். பழுது இருந்தால் மெக்கானிக்குக்கு அப்போது நேரம் இருக்கும்.